கரையேற்றிய பிறகு இலக்கணம்

அந்தச் சுவரொட்டியை முதலில் பார்த்தது காலையில் பால் வாங்கப் போனபோது. மதுரைத் தெருக்களில் கண்ணீர் அஞ்சலி ஒட்டாத சுவர் அபூர்வம். இதிலும் நடுவில் ஒரு மூதாட்டியின் படம். காதில் தோடு, நெற்றி நிறையத் திருநீறு. கீழே மகன்கள், மகள்கள், பேரன் பேத்திகள் என்று வரிசையாகப் பெயர்கள். உச்சியில், சிவப்பு மையில், இருப்பதிலேயே பெரிய எழுத்தில் ‘இரைவனடி சேர்ந்தார்’ என்று இருந்தது. 31 வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்குக் கண் அங்கேதான் போய் நிற்கும். நெஞ்சு சுருக்கென்றது. பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தால், பேரன்கள் வரிசையில் என் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய பெயர்.

நாலாம் நாள் பள்ளிக்கு வந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர் அறை வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னேன். வந்தவன் சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

“ஐயா, எங்க அப்பத்தா சாமிகிட்டப் போய்ச் சேந்திருக்கும்லங்கய்யா? நோட்டீசுல தப்பு விட்டது நான்தான்.”

கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தைச் சொன்னான். இரவு பதினொரு மணி. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பத்தா. சுற்றிலும் பெண்களின் அழுகை. அச்சகத்திலிருந்து சித்தப்பாவின் செல்போனுக்கு மாதிரி வந்திருக்கிறது. “பத்தாவது படிக்கிறேல்ல, நல்லாப் பாத்துச் சொல்லு” என்று சித்தப்பா போனை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பந்தல்காரரிடம் பேசப் போய்விட்டார். பையன் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறான். எழுத்துகள் பொடிப்பொடியாக இருந்ததால் விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு பெயரையும் தலைப்பெழுத்தோடு சரிபார்த்திருக்கிறான். இரண்டு பிழைகளைப் பிடித்துத் திருத்தவும் சொல்லியிருக்கிறான். பெரிதாக்கியதில் மேலே இருந்த தலைப்பு திரைக்கு வெளியே போய்விட்டது. பொழுது விடியும்போது சுவரொட்டிகள் தெருவெல்லாம் ஏறிவிட்டன. காரியத்துக்கு வந்த உறவினர் ஒருவர் அதைப் படித்துச் சிரித்திருக்கிறார். இதற்கா உன்னைப் படிக்க வைத்தோம் என்று சித்தப்பா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

“சாமிக்கு ரகரம் றகரம் தெரியாதாடா? நல்லபடியாப் போய்ச் சேந்திருப்பாங்க. நீ போய்ச் சாப்பிடு” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்த வகுப்பில் கரும்பலகையில் வல்லினம் மிகும் இடங்களை எழுதிக்கொண்டிருந்தபோது என் பதில் எனக்கே பொய்யாகப் பட்டது. எழுத்தைக் கடவுள் பார்க்கவே மாட்டார் என்றால் இத்தனை வருடம் சிவப்பு மையோடு நான் செய்தது என்ன? பார்ப்பார் என்றால் அந்தப் பையனுக்கு நான் சொன்னது என்ன?

பிழை என்ற சொல்லே நம்மை இந்தக் கேள்விக்குள் தள்ளிவிடுகிறது. நோட்டுப் புத்தகத்தில் நான் வட்டமிடுவதும் பிழை, பக்தன் சந்நிதியில் நின்று பொறுத்துக்கொள்ளக் கேட்பதும் பிழை. பட்டினத்தார் காஞ்சி ஏகாம்பரநாதரிடம் தம் பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிப் பொறுக்கச் சொல்கிறாரே, அந்தப் பட்டியலில் கல்லாமையும் ஒரு பிழைதான். போதாதற்கு, உயிரோடு மீள்வதையும் பிழைத்தல் என்கிறோம், வயிற்றுப்பாட்டைப் பிழைப்பு என்கிறோம். எழுத்துப் பிழைக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழியில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பயந்தால், அதைப் பிள்ளைப் பேச்சு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

வேத மரபு இதில் மிகவும் கண்டிப்பானது. தன் மகனைக் கொன்ற இந்திரனைப் பழிவாங்கத் துவஷ்டா வேள்வி செய்தான். ‘இந்திரசத்ரு’ என்ற சொல்லில் ஒலியை ஏற்ற வேண்டிய இடத்தை மாற்றிச் சொல்லிவிட்டான். இந்திரனைக் கொல்லப் பிறக்க வேண்டிய விருத்திரன் இந்திரனால் கொல்லப்படுகிறவனாகப் பிறந்தான். இலக்கணம் ஏன் படிக்க வேண்டும் என்பதற்குப் பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தில் காட்டும் காரணங்களில் இந்தக் கதையும் ஒன்று. மந்திரத்துக்கு இது பொருந்தலாம். ஒலிதான் அங்கே செயல். இதை அந்தப் பையனிடம் சொல்ல என்னால் முடியாது. சொல்லியிருந்தால் அவன் அதன்பின் பேனாவையே தொட்டிருக்க மாட்டான்.

எங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. வகுப்பில் நூறு தடவை சொல்லியிருப்பேன், ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

தருமிக்குச் சிவபெருமான் பாட்டெழுதிக் கொடுத்ததும், நக்கீரர் அதில் குற்றம் கண்டதும் எல்லாருக்கும் தெரியும். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷையும் சிவாஜியையும் ஏ.பி. நாகராஜனையும் பார்க்காத தமிழன் குறைவு. நெற்றிக்கண்ணைக் கண்ட பிறகும் குற்றத்தைக் குற்றம் என்றே சொன்ன நக்கீரரை வகுப்பில் பிழைதிருத்துநரின் முன்னோராகவே காட்டுவேன். பையன்கள் கைதட்டுவார்கள். பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் கதை அதோடு நிற்பதில்லை. தருமிக்குப் பொற்கிழி அளித்தது ஒரு படலம். பொற்றாமரைக் குளத்தில் விழுந்த கீரனைக் கரையேற்றியது அடுத்த படலம். அதற்கும் அடுத்தது, கீரனுக்கு இலக்கணம் உபதேசித்த படலம். கீரனிடம் இலக்கணத் தெளிவு போதவில்லை என்று இறைவன் கருதுகிறார். அகத்தியரை வரவழைத்து அவருக்குத் தமிழ் இலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்க வைக்கிறார்.

புராணத்தின் பார்வையில் தவறியவர் நக்கீரர். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற அந்த வழக்கில் யார் சரி என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. அது இங்கே வேண்டாம். நான் பார்ப்பது படலங்களின் வரிசையை. முதலில் குளத்திலிருந்து கரையேற்றுகிறார். பாடம் அதற்கப்புறம். தண்ணீரில் தத்தளிப்பவனுக்கு நூற்பா சொல்லவில்லை. கரையேறிவிட்டான், மன்னித்தாயிற்று, இனி இலக்கணம் எதற்கு என்றும் விட்டுவிடவில்லை. மன்னித்ததால் பிழை சரியாகிவிடவில்லை. பிழை இருந்ததால் மன்னிப்பு நின்றுவிடவுமில்லை. நான் பையனுக்குச் சொன்ன பதில் முதல் பாதி. கரையேற்றினேன், இலக்கணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இறையனார் அகப்பொருள் பிறந்த கதையிலும் இதே வரிசைதான். பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். சோறு போட முடியாத அரசன், எங்காவது போய்ப் பிழைத்திருங்கள் என்று புலவர்களை அனுப்பிவிடுகிறான். மழை பெய்து நாடு நாடான பிறகு கூப்பிடுகிறான். வந்தவர்களில் பொருளிலக்கணம் வல்லவர் ஒருவரும் இல்லை. அரசன் கலங்கி நிற்கும்போது ஆலவாய்க் கடவுளே 60 நூற்பாக்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழ் வைத்தார் என்பது கதை. வரலாறாக இதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் இலக்கணம் இல்லாத குறையைத் தீர்க்கக் கடவுள் எழுத்தாணி எடுத்தார் என்று ஒரு சமூகம் கதை கட்டியிருக்கிறதே, அது எனக்குப் பெரிது. அதற்கு எழுந்த உரைகளில் எது மெய்யுரை என்று தீர்ப்புச் சொன்னவன் உருத்திரசன்மன் என்ற ஊமைச் சிறுவன். நக்கீரர் உரையைக் கேட்டபோது அவன் கண்ணில் நீர் வந்தது. அதுதான் தீர்ப்பு.

இந்தக் கதைகளை அடுத்த வாரம் வகுப்பில் சொன்னேன், பையன் பெயரைக் குறிப்பிடாமல். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “கண்ணப்பர் ஒரு இலக்கணமும் படிக்கலையே ஐயா? வாயில தண்ணி கொண்டுவந்து அபிஷேகம் பண்ணுனவருக்குத்தானே சாமி காட்சி கொடுத்தாரு?” நல்ல கேள்வி. ஆகமம் படித்த சிவகோசரியாரைவிட வேடர் கண்ணப்பர் உயர்ந்தார் என்றுதான் பெரிய புராணம் சொல்கிறது. அன்பிருந்தால் போதும், ஒற்றும் புள்ளியும் எதற்கு?

அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சேக்கிழாரைத் திரும்ப எடுத்தேன். கண்ணப்பர் இறைச்சியை அப்படியே கொண்டுபோய்ப் படைக்கவில்லை. தீயில் பக்குவமாகக் காய்ச்சி, ஒவ்வொரு துண்டையும் வாயிலிட்டுச் சுவைத்துப் பார்த்து, நன்றாக இருந்ததை மட்டும் கல்லையில் எடுத்து வைத்தார். வெந்ததா, பதமா, உண்பவருக்குப் பிடிக்குமா என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். மறுநாள் அந்த மாணவியிடம் சொன்னேன்: “கண்ணப்பருக்கு ஆகமம்தாம்மா தெரியாது. சரிபார்க்காம எதையும் அவர் சாமிக்குக் கொடுத்ததே இல்ல.” அவள் ஒத்துக்கொண்டாளா தெரியாது, உட்கார்ந்தாள். எனக்கு அந்தத் துண்டுகள் நினைவிலேயே நின்றுவிட்டன. அன்பு இருக்கிறவன்தான் சுவைத்துப் பார்ப்பான்.

வகுப்பில் என் பழைய முறை இதற்கு நேர்மாறாக இருந்தது. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பெண் தன் தாயின் இறப்பைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுத்தாள். ஒன்றரைப் பக்கம். அதில் 27 பிழைகள். எல்லாவற்றையும் வட்டமிட்டு, கீழே எண்ணிக்கையும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை, பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவள் பத்து வரிக்கு மேல் எழுதவே இல்லை. பத்து வரியிலும் பிழை இருக்காது, உயிரும் இருக்காது. அந்த எண்ணிக்கை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அவள் தண்ணீரில் கிடந்தாள், நான் கரையில் நின்று நன்னூல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டு மாணவர்கள் எழுதும் கடிதங்களில் வருடம் தவறாமல் வரும் ஒரு பிழை உண்டு: ‘என் தவறைப் பொருத்துக்கொள்ளுங்கள்.’ பொறுத்தல் சகித்தல், மன்னித்தல். பொருத்துதல் ஒன்றோடு ஒன்று இசையும்படி சேர்த்தல். முன்பெல்லாம் ரகரத்தை வெட்டி றகரம் எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போவேன். சுவரொட்டிக்குப் பிறகு அந்த இடத்தில் பேனா சற்று நிற்கும். பிள்ளைக்கு இரண்டுமே வேண்டும். தவறைப் பொறுக்கவும் வேண்டும், விலகிப்போன எழுத்தை அதன் இடத்தில் பொருத்தவும் வேண்டும்.

பொருத்துவது எப்படி என்பதில் எனக்குச் சில பழக்கங்கள் உண்டு. விதியைப் பிறகுதான் சொல்வேன். திருப்பரங்குன்றத்து முருகனிடம் ‘வேலை கொடு’ என்று கேட்டால் பிழைப்புக்கு ஒரு வழி கேட்கிறோம்; ‘வேலைக் கொடு’ என்று கேட்டால் அவர் கையிலிருக்கும் வேலையே கேட்கிறோம். இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும் என்பது அதற்கப்புறம் எந்தப் பையனுக்கும் மறக்காது. ‘பலகை’யையும் ‘பல கை’யையும் எழுதிக் காட்டி இடைவெளி பற்றிப் பேசுவேன். நிறுத்தற்குறிகளுக்குப் பெயர்களே பாடம்: கால், அரை, முக்கால், முற்று. நெல் அளப்பதுபோல மூச்சை அளந்து வைத்திருக்கிறார்கள். காற்புள்ளியில் கால் மூச்சு, அரைப்புள்ளியில் அரை மூச்சு என்று உரக்கப் படிக்கச் சொல்வேன். படிக்கிறவர் எங்கே மூச்சு விடுவார் என்று எழுதும்போதே நினைப்பது ஒரு கரிசனம். ஓலைச்சுவடியில் இந்தக் குறிகள் கிடையாது. அச்சோடு வெளியிலிருந்து வந்தவை. பெயர் வைத்தபோது நம் அளவைச் சொற்களை எடுத்துக்கொண்டோம்.

பிழை திருத்தத்தைச் சோடி சோடியாகத்தான் செய்ய வைப்பேன். ஒருவர் வாசிக்க, மற்றவர் அளவுகோலை வரிக்கு அடியில் வைத்துத் தாளைப் பார்க்க வேண்டும். பிறகு கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாக வர வேண்டும். தலைப்பைத் தனியாக, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். பெரிய எழுத்தில்தான் பிழை ஒளிந்துகொள்ளும், அங்கே தப்பிருக்காது என்று கண் நம்பித் தாண்டிவிடும். ஒருபோதும் தன் எழுத்தைத் தான் மட்டும் பார்த்துக் கொடுக்கக் கூடாது. எழுதியவனுக்குத் தான் எழுத நினைத்ததுதான் தெரியுமே ஒழிய எழுதியது தெரியாது.

இந்தக் கடைசி விஷயம் சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில் இருளையும் ஆணவத்தையும் ஒப்பிடுகிறார். இருள் மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் தன்னைக் காட்டிக்கொள்ளும். இருட்டாக இருக்கிறது என்றாவது நமக்குத் தெரியும். ஆணவம் பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைத்துக்கொள்ளும். தன் பிழை தனக்குத் தெரியாமல் இருப்பதும், தெரியாது என்பதே தெரியாமல் இருப்பதும் அதுதான். பக்கத்து இருக்கைக்காரனிடம் தாளை நீட்டி ‘பாத்துச் சொல்லுடா’ என்று ஒரு பையன் கேட்கும்போது, அவனுக்குத் தெரியாமலே அந்த மறைப்பில் ஒரு கீறல் விழுகிறது. பெரிய வார்த்தையாகத் தோன்றலாம். தாளை நீட்ட ஒரு பதின்வயதுப் பிள்ளை எவ்வளவு தயங்கும் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றாது.

என் வகுப்பில் திருநீறு பூசியவர்களும், தொப்பி போட்டவர்களும், கழுத்தில் சிலுவை அணிந்தவர்களும் உண்டு. சிவனையும் கண்ணப்பரையும் சொல்லி இலக்கணம் நடத்தினால் அது எல்லாருக்கும் ஆகுமா என்று என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. நாங்கள் படிக்கும் நன்னூல் பவணந்தி என்ற சமண முனிவர் எழுதியது. அதைச் சைவ மடங்கள் போற்றிப் படித்தன, சிவஞான முனிவர் அதன் உரையைச் செப்பம் செய்தார். எகர ஏகாரங்களைக் குழப்பமின்றி இன்று நாம் எழுதுவது வீரமாமுனிவர் என்ற இத்தாலியப் பாதிரியாரின் திருத்தத்தால். ஆறுமுக நாவலர் பழுத்த சைவர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலியத் தமிழைச் செப்பம் செய்திருக்கிறார். சைவரான உ.வே. சாமிநாதையர் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைச் சமணர்களிடமே ஐயம் கேட்டுக் கேட்டு 1887இல் பதிப்பித்தார். தன் சாமியின் பெயரைப் பிழையில்லாமல் எழுத விரும்புகிறவன் அடுத்தவர் சாமியின் பெயரையும் பிழையில்லாமல்தான் எழுத வேண்டும் என்பதில் இவர்களுக்குள் வழக்கே இருந்ததில்லை.

பழைய புத்தகங்களின் கடைசியில் ‘பிழையும் திருத்தமும்’ என்று ஒரு தாள் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்தி. அச்சாகிவிட்டது, மாற்ற முடியாது, ஆனாலும் படிக்கிறவர் ஏமாறக் கூடாது என்று பதிப்பாசிரியர் வெளிப்படையாக ஒத்துக்கொள்ளும் இடம் அது. அந்தத் தாளை மாணவர்களிடம் காட்டாமல் நான் எந்த வருடத்தையும் முடித்ததில்லை. இப்போது வரும் புத்தகங்களில் அது காணாமல் போய்விட்டது எனக்கு வருத்தம்.

பையனுக்குப் பதிலின் மறுபாதியைச் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளி விட்டதும் அவனைக் கூப்பிட்டேன். “அப்பத்தா போய்ச் சேந்துட்டாங்க. அதுல சந்தேகமே வேண்டாம். அவங்களுக்காக அந்த எழுத்தைத் திருத்த வேண்டியதில்ல. ஆனா சுவத்தப் பாத்துட்டுப் போறவங்க அவங்களக் கடைசியாப் படிக்கிறது அந்த நோட்டீசுலதான். அவங்க சரியாப் படிக்கணும்ல?” என்றேன். ஒன்றும் சொல்லாமல் நின்றான். பிறகு, “ர மேல போட்டா ற வருமாங்கய்யா?” என்று கேட்டான். வரும் என்றேன். ரகரத்துக்கு முன்னால் ஒரு வளைவு சேர்த்தால் போதும்.

அன்று சாயங்காலம் இரண்டு பேர், அவனும் அவன் சோடியும், தெருத் தெருவாகப் போனார்கள். கையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனா. எட்டாத இடத்தில் ஒருவன் குனிய மற்றவன் முதுகில் ஏறி எழுதினான். நானும் கூடப் போனேன். ஒட்டிச் சில நாளாகி ஓரங்கள் காற்றில் பிய்ந்திருந்தன. அவற்றையும் உள்ளங்கையால் நீவி ஒட்டிவிட்டார்கள். சிலவற்றின் மேல் வேறு சாவுக்கான தாள் ஏறிவிட்டது, அவற்றை விட்டுவிட்டோம். எங்கள் தெரு முனையில் இருந்த தாள் மழைக்காலம் வரை இருந்தது. அச்சு மை வெளுத்த பிறகும் அந்த வளைவு மட்டும் பளிச்சென்று தெரியும்.

உங்கள் வீட்டில் ஒன்பதோ பத்தோ படிக்கும் பிள்ளை இருந்தால், அடுத்த முறை அழைப்பிதழோ அஞ்சலித் தாளோ அச்சுக்குப் போகும்முன் அதன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, தலைப்பிலிருந்து ஆரம்பித்து, நீங்களும் கூடவே வாசியுங்கள்.